போத்தலில் வர இருந்த கடல்

“…அப்போ என்னையும் ஒரு மூட்டைன்னே வச்சுக்கங்க. இந்த வீட்ல மூட்டைக்கு இருக்குற மரியாதை வேற எதுக்கு இருக்கு? மழை பேஞ்சா சாக்குப் போட்டு மூடுறீங்க, எலி வந்தா எந்திரிச்சுப் போயிப் பாக்குறீங்க” என்று சொல்லிக்கொண்டே அக்கா கடைத் தராசின் தட்டில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மடியில் ஒரு காலிப் போத்தல்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. என் புருஷனுடைய அண்ணன் மனைவி. அவளும் நானும் ஒரே அடுப்பில் இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஊதியவர்கள் என்பதால் அக்கா. பதுளைக் கடைத்தெருவில் எங்கள் மளிகைக் கடை முன்பக்கம், வீடு பின்பக்கம். பெண்கள் கடைப் பக்கம் வரும் வழக்கம் கிடையாது. இரண்டுக்கும் நடுவே ஒரு கோணித் திரை தொங்கும். உலகம் எங்களுக்கு அந்தத் திரையின் கிழிசல் அகலம்தான். அன்று காலையில் அக்கா அந்தத் திரையை விலக்கிக்கொண்டு கடை நடுவே போய்த் தராசில் உட்கார்ந்துவிட்டாள். நான் கிழிசலில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றேன். தெருவில் மட்டக்களப்புக்குப் போகிற மாட்டுவண்டி பூட்டி நின்றது.

அவள் ஏன் அங்கே ஏறினாள் என்பதைச் சொல்ல வேண்டுமானால், எங்கள் வீட்டில் கடலுக்கு இருந்த மதிப்பைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் கடல் என்பது ஒரு சாதி மாதிரி. தாண்டியவர்கள் மேலே, தாண்டாதவர்கள் கீழே. என் மூத்தார், அதாவது அக்காவின் புருஷன், மதுரைச் சீமையிலிருந்து கடல் தாண்டி வந்தவர். என் புருஷனும் அப்படி. நானும் கலியாணமாகி அந்த வழியில்தான் வந்தேன். அக்கா மட்டும் மடுல்சீமைத் தோட்டத்தில் பிறந்தவள். மலையைத் தவிர வேறு பார்த்ததில்லை. அவளுடைய அப்பா பெரிய கங்காணி. மூத்தார் அவளைக் கட்டியபோது அவளை மட்டும் கட்டவில்லை; அந்தக் கங்காணியின் கீழ் இருந்த அத்தனை லயத்துக் கூலியாட்களின் மாதச் சாமான் வியாபாரத்தையும் சேர்த்தே தாலி கட்டிக்கொண்டார்.

இத்தனை செய்தும் அவளுக்கு வீட்டில் கிடைத்த பேர் ‘கடலப் பாக்காதவ’. துணிக்கு விலை சொன்னால், கடலைப் பார்க்காதவளுக்குத் துணியைப் பற்றி என்ன தெரியும் என்பார் மூத்தார். குழம்பில் உப்புக் கூடிவிட்டால், கடலைப் பார்த்திருந்தால் உப்பின் அளவு தெரிந்திருக்கும் என்பார். மகளுக்கு மாப்பிள்ளை பற்றி வாயைத் திறந்தபோதும் அதே பதில்தான். கடலுக்கும் மாப்பிள்ளைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

நாங்கள் மூவரும் கடலைப் பார்த்த இலட்சணம் எனக்குத் தெரியும். மூத்தார் ஏறியதிலிருந்து இறங்கும் வரை ஒரு தகர வாளியை விட்டுத் தலையைத் தூக்கவில்லை என்று என் புருஷனே சொல்லியிருக்கிறார். என் புருஷன் பார்த்தது அந்த வாளியைப் பிடித்துக்கொண்டிருந்த தன் கையை. நான் பார்த்தது என் முந்தானையின் உள்பக்கத்தை. ஆனால் கரையில் இறங்கியதும் எங்களுக்கு வந்த ஞானத்தைப் பார்க்க வேண்டும். அலை பனை உயரம், மீன் மாடு கனம் என்று அக்காவிடம் நானும்தான் அளந்தேன்.

இப்படி இருந்த வீட்டில் கடற்கரைக்குக் குடும்பத்தோடு போகிற பேச்சு வந்ததற்குக் காரணம் எதிர்த்த புடவைக் கடைக்காரர். அவர் ஒரு மாசிக்குப் பெண்டாட்டி பிள்ளைகளோடு மட்டக்களப்புக்குப் போய்வந்தார். போனது சில நாள். சொன்னது பல மாதம். அங்கே வாவியில் நிலாக் காலத்தில் தோணியில் போய், துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு மறு நுனியைக் காதில் வைத்தால் மீன் பாடுகிறது கேட்குமாம். அவருடைய மனைவி குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு அந்தப் பாட்டைப் பாடிக்கூடக் காட்டினாள். எனக்கென்னவோ அது அவள் குரல் மாதிரியே கேட்டது.

மூத்தாருக்கு இது பொறுக்கவில்லை. ஆனால் சும்மா ஒரு ஊரைப் பார்த்துவிட்டு வருவது என்பது எங்கள் குடும்பத்தில் இல்லாத பழக்கம். கலியாணத்துக்குப் போகலாம், சாவுக்குப் போகலாம், கோயிலுக்குப் போகலாம். ஆகவே அவர் ஒரு நேர்த்திக்கடனைத் தேடினார். வீட்டில் யாருக்கும் அந்த நேரம் பெரிய வியாதி எதுவும் இல்லை. கடைசியில் தன்னுடைய முழங்கால் வலியை எடுத்துக்கொண்டார். அது போன ஐப்பசியிலேயே சரியாகிப் போயிருந்தது. இருந்தாலும் பரவாயில்லை என்று மட்டக்களப்புப் பக்கத்துக் கோயில் ஒன்றில் தீர்த்தமாடுவதாக வேண்டிக்கொண்டார். வேண்டிக்கொண்ட நாளிலிருந்து, யாராவது பார்க்கும்போது மட்டும் கொஞ்சம் நொண்டினார்.

பிறகு ஆரம்பித்தது திட்டம். ரயில் அப்போது பண்டாரவளை வரைதான் வந்திருந்தது. அங்கே போய் ஏறி, கொழும்புக்கு இறங்கி, அங்கிருந்து சுற்றிப் போகலாம் என்று என் புருஷன் சொன்னார். “ரயிலு ஒக்காந்தாலும் காசு வாங்கும், நின்னாலும் காசு வாங்கும். வண்டி அப்படியில்ல. மேட்டுல எறங்கி நடந்தா மாடே நமக்குக் கடமைப்படும்” என்றார் மூத்தார். அவர் சிக்கனத்தைப் பற்றிப் பேசும்போது கேட்க நன்றாகத்தான் இருக்கும். நமக்கு நேராமல் இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

அவர் கண்டுபிடித்த வண்டி, மட்டக்களப்பிலிருந்து கருவாடும் தேங்காயும் ஏற்றிவருகிற வண்டி. வரும்போது பாரமாக வரும், திரும்பும்போது அநேகமாக வெறும் வண்டியாகப் போகும். வெறும் வண்டியில் ஏறினால் கூலி பாதிக்கும் கீழே. மூத்தார் கடையில் கருவாடு விற்பார். வீட்டில் யாராவது அதன் பேரைச் சொன்னால் குளிப்பார். அந்த மனிதர், ஒரு வாரம் கருவாட்டு வண்டியில் படுத்துக்கொண்டு போகலாம் என்று எங்களுக்குச் சொன்னார். வாடை பழகிவிடும் என்றார். தங்குவதற்கு, அங்கே ஒரு நெல் வியாபாரியின் பின்கட்டு. அவரை இவர் நேரில் பார்த்ததே இல்லை. சரக்குப் போக்குவரத்தில் பெயர் தெரியும், அவ்வளவுதான். சாப்பாட்டுக்கு, வழிப்போக்கர் தங்குகிற அம்பலங்களில் பொங்கிக்கொள்ள அரிசி. அங்கே போனால் அந்த நெல் வியாபாரியின் மனசாட்சி. இதையெல்லாம் சொல்லிவிட்டு விரல்களை மடக்கினார். “கடக்கரையில காத்து சும்மா, மணலு சும்மா, நெலா சும்மா. மீனு பாடுறதுக்கும் கூலி கேக்காது.”

கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் இந்தத் திட்டத்தில் ஒரு கை வைத்தார்கள். பிபிலைக்கு அப்பால் யானை என்றார் ஒருவர். கொசு என்றார் இன்னொருவர். ஹல்துமுல்லையிலிருந்து வந்த ஒரு வியாபாரி குரலைத் தாழ்த்தி, மட்டக்களப்புக்காரர்கள் விருந்தாளியை மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள், பிறகு எழுந்து வரவே முடியாது என்று எச்சரித்தார். மூத்தார் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒட்டவைத்தால் சாப்பாடும் அவர்கள்தானே போட வேண்டும் என்று கேட்டார். அந்த வியாபாரி சீனியை வாங்கிக்கொண்டு போனார்.

இந்தக் கூத்துக்கு நடுவே அக்கா ஒருத்திதான் சிரிக்காமல் இருந்தாள். நாங்கள் பயணத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்பாள். ஒருநாள் அம்மியில் அரைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். “எனக்கு மீனும் பாட வேணாம், மயிலும் ஆட வேணாம். அது பக்கத்துல போயி ஒரு தடவ நிக்கணும். நின்னுட்டு வந்துட்டேன்னா இந்த வீட்ல எல்லாரு வாய்க்கும் ஒரு பூட்டு. அப்புறம் எம்மவ கலியாணத்துல நான் ஒரு வார்த்த சொன்னா அது வார்த்தயா நிக்கும்.” அம்மிக் குழவியை அவள் உருட்டிய விதத்தில் எங்கள் எல்லாருடைய வாயும் அந்தக் கல்லுக்கு அடியில் இருந்ததாக எனக்குத் தோன்றியது.

வண்டி வெறுமையாகப் போகிறதே என்கிற எண்ணம் மூத்தாரை விடவில்லை. வெறும் வண்டியைப் பார்த்தால் அவருக்குப் பசித்த பிள்ளையைப் பார்த்த மாதிரி. இரண்டு மூட்டை பாக்குப் போட்டால் வண்டிக்கூலி தன்னாலே வந்துவிடும் என்றார். எங்கள் ஊவாப் பக்கத்துப் பாக்குக்கு அங்கே கிராக்கி. சரி என்றோம். பிறகு கொஞ்சம் கித்துள் கருப்பட்டி. பிறகு மிளகு. கோயிலுக்குப் போகிறவர் முழங்காலோடு மிளகையும் கொண்டுபோவதில் சாமிக்கு ஆட்சேபம் இருக்காது என்றார்.

மூட்டை ஏற ஏற ஆள் இறங்கியது. முதலில் இறங்கியவள் அக்காவின் மகள். வழியில் காட்டுக் காய்ச்சலாம். மடுல்சீமையில் மாமன் வீட்டில் இருக்கட்டும் என்றார். அடுத்து என் புருஷன். கடையை யார் பார்ப்பது என்றார். புருஷன் இறங்கினால் நான் இறங்கியதாகத்தான் கணக்கு. என்னிடம் அதைத் தனியாகச் சொல்லக்கூட இல்லை. அப்படியாக, குடும்பத்தோடு கடல் பார்க்கப் போகிற பயணம் ஒரு புருஷன், ஒரு பெண்சாதி, மீதி பாக்கு என்று வந்து நின்றது. தெருவில் மட்டும் அவர் ‘குடும்பத்தோட போறோம்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார். குறிப்பாகப் புடவைக் கடைக்காரர் காதில் விழும்படி.

இங்கே தராசைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அது கூரை உத்திரத்தில் தொங்குகிற பெரிய தராசு. மூட்டை நிறுக்க இரண்டு பக்கமும் பலகைத் தட்டு, தரையைத் தொடுகிற மாதிரி. மூத்தார் மற்ற எதில் விட்டுக்கொடுத்தாலும் அந்தத் தராசு விஷயத்தில் ஒரு சட்டத்தை விடமாட்டார். காலையில் முதன்முதலாக எடை போட்ட சரக்கு உள்ளே திரும்பக் கூடாது; எப்படியாவது வாசலைத் தாண்டிவிட வேண்டும். திரும்பினால் அன்றைய போணி கெட்டது, அந்த மாதமும் கெட்டது என்பது அவர் நம்பிக்கை. ஒருமுறை ஹாலிஎலப் பக்கத்துக் கங்காணி ஒருவர் விடிந்ததும் வந்து மல்லி நிறுக்கச் சொன்னார். நிறுத்து முடிந்ததும் புழு இருக்கிறது, வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார். மூத்தார் மல்லிப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு பாலம் வரைக்கும் அவர் பின்னாலேயே ஓடினார். பாதி விலைக்குத் தருகிறேன் என்று கெஞ்சி, கடைசியில் சும்மாவே அவர் தோளில் போட்டுவிட்டு வந்தார். வலி வந்த முழங்கால் அன்று ஓடிய முழங்கால்தான்.

பயணக் காலை வந்தது. அக்கா இருட்டோடு எழுந்து குளித்து, கலியாணத்துக்குக் கட்டுகிற சிவப்புச் சேலையைக் கட்டிக்கொண்டு, ஒரு துணி மூட்டையோடு திரைக்குப் பின்னால் வந்து நின்றாள். நான் அவளுக்குப் பூ வைத்தேன். அவள் கிழிசல் வழியாக வண்டியைப் பார்த்தாள். பார்த்தவள் என் கையைத் தட்டிவிட்டு நன்றாகப் பார்த்தாள். வண்டிக்குள்ளே கூண்டுக்குக் கீழே அவளுக்காகப் பாய் விரித்து வைத்திருந்த இடத்தில் இரண்டு புதிய பாக்கு மூட்டைகள் சாய்ந்து உட்கார்ந்திருந்தன. பாய் அவற்றுக்கு அடியில் அப்படியே இருந்தது.

மூத்தார் திரைப் பக்கம் வந்தார். பாக்கு விலை நேற்று ஏறிவிட்டதாகத் தாழ்ந்த குரலில் சொன்னார். வண்டிக்காரக் காக்கா, முஸ்லிம் பெரியவர்களை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், அதற்குமேல் ஒரு றாத்தல்கூட ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டாராம். காக்கா சொன்னது எங்களுக்கும் கேட்டிருந்தது. “இதுக்கு மேல ஏலாது மொதலாளி. மாடு வாயத் தொறந்து சொல்லாது, நான்தான் சொல்லணும்.” ஆகவே அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார் மூத்தார். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் அவருக்குக்கூட என்னவோ செய்திருக்க வேண்டும். அலமாரித் தட்டிலிருந்து ஒரு காலிப் போத்தலை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

“இத நல்லாக் கழுவிக் குடு. கடல் தண்ணி ரொப்பிக் கொண்டாந்து தர்றேன். வீட்ல ஒக்காந்தே பாத்துக்கலாம். போக வேணாம், வர வேணாம், ஒரு சல்லி செலவில்ல.”

அவர் கேலி செய்யவில்லை. அதுதான் வேதனை. குடும்பத்துக்கு இதைவிட மலிவாகக் கடலைக் காட்ட முடியாது என்று உண்மையாகவே நினைத்தார்.

அக்கா போத்தலைப் பார்த்தாள். சொன்னபடி பானைத் தண்ணீரில் அதைக் கழுவினாள். அப்போதுதான் அவள் திரையை விலக்கிக்கொண்டு கடைக்குள் இறங்கினாள். கடையில் அந்த நேரம் இருந்தவர் ஒரே ஒருவர். அதே ஹாலிஎலக் கங்காணி. வீதியில் வண்டிக்காரக் காக்கா. எதிர்க் கடைத் திறப்பில் புடவைக் கடைக்காரர், வழியனுப்பிவைக்கிற பாவனையில், வெற்றிலையை மென்றுகொண்டு. மூத்தார் சத்தம் போட முடியாது. போட்டால் ஐந்து நிமிஷத்தில் ஹாலிஎலவரை கேட்கும். பல்லைக் கடித்துக்கொண்டு, உள்ளே போ என்றார். மாடு இழுக்காது, மூட்டைக்குத்தான் இடம் இருக்கிறது என்றார். அதற்குத்தான் அக்கா, என்னையும் ஒரு மூட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித் தட்டில் ஏறியது.

அவள் உட்கார்ந்ததும் அந்தப் பக்கத் தட்டு விசுக்கென்று மேலே போனது. சங்கிலி ஆடியது.

பிறகு நடந்ததை நான் எத்தனையோ தரம் நினைத்துச் சிரித்திருக்கிறேன். மூத்தாருடைய கை தன்னாலே நீண்டது. தட்டில் எது ஏறினாலும் அவர் கை எடைக்கல்லைத் தேடும், தூக்கத்தில்கூடத் தேடும். அரை அந்தர், அதாவது ஐம்பத்தாறு றாத்தல், இரும்புக் கல்லை எடுத்து மறு தட்டில் வைத்தார். இன்னொரு அரை அந்தர் வைத்தார். அக்காவின் பக்கம் மெல்லத் தரையை விட்டு எழும்பியது. சின்னக் கற்களை ஒவ்வொன்றாக வைத்து, குனிந்து முள்ளைப் பார்த்து, ஒரு சின்னக் கல்லை எடுத்து மாற்றி வைத்தார். முள் நேராக நின்றது. நிறுவையில் எப்போதும் அவர் கெட்டிக்காரர்.

முள் நின்ற பிறகுதான் அவருக்குத் தான் செய்தது விளங்கியது. கல்லிலிருந்து கையை எடுக்காமல் அப்படியே குனிந்து நின்றார்.

அவருக்கு முன்னால் அது விளங்கிவிட்டது கங்காணிக்கு. அந்த மனிதர் மல்லியை மறக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டு, மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

“இன்னிக்கு மொத எட அம்மாதாங்க மொதலாளி. உள்ள திருப்பக் கூடாதுல்லங்க?”

எதிர்த்த கடையில் வெற்றிலை மெல்லுவது நின்றது. மூத்தார் நிமிர்ந்து கங்காணியைப் பார்த்தார், தராசைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். ஒரு மாத வியாபாரம் ஒரு பக்கம், இரண்டு மூட்டைப் பாக்கு ஒரு பக்கம். பெண்சாதி எந்தப் பக்கத்திலும் இல்லை; இருந்தாலும் அன்றைக்கு ஜெயித்தது அவள்தான். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கடைச் சிப்பந்தியைக் கூப்பிட்டு, பாய் மேலே இருக்கிற இரண்டு மூட்டையை இறக்கச் சொன்னார். முழுக்க நேர்த்திக்கடன் என்று போகும்போது பெண்சாதி இல்லாமல் போவது முறையில்லை என்று தெருவுக்குக் கேட்கும்படி ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொண்டார்.

அக்கா தட்டிலிருந்து இறங்கினாள். உள்ளே திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துணி மூட்டையை நான்தான் திரைக்கு வெளியே நீட்டினேன். கடை வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, காக்கா எடுத்துப் போட்ட பெட்டியில் கால் வைத்து வண்டியில் ஏறினாள். பாயை உதறினாள். உட்கார்ந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள். மூத்தார் பின்னாலேயே வந்து வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார், இறங்கிக் கிடந்த பாக்கு மூட்டைகளைப் பார்க்க மனசில்லாமல்.

மடியிலிருந்த போத்தலை எடுத்து அக்கா அவரிடம் நீட்டினாள்.

“கழுவியாச்சு. குடிக்கத் தண்ணி ரொப்பிக் கொண்டாங்க. வழி தூரம்.”